ஒன்பது இலைத் துவரை

மேஜையில் ஒரு காய்ந்த இலை கிடக்கிறது. ஒரே காம்பின் நுனியிலிருந்து ஒன்பது சிற்றிலைகள் குடைக்கம்பிகள் மாதிரி சுற்றிலும் விரிந்திருக்கின்றன. என் மகள் நிவி தன்னுடைய டைனோசர் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தியது. அலமாரியைத் துடைக்கலாம் என்று புத்தகத்தை எடுத்தேன், நழுவிக் காலடியில் விழுந்தது. குப்பையில் போடத்தான் குனிந்தேன். போடாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணி முடித்ததும் உனக்கு எழுத வேண்டும் போல் இருந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் அழுகை வரும், அழுதால் நிற்காது என்று பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை, உனக்குத் தெரியாததா.

நாம் பழகியதே ஒரு மைக்ரோவேவ் முன்னால்தான். சான் ரமோனில் அந்தப் பெரிய ஆபீஸ் வளாகத்தின் இரண்டாவது மாடியில், மதியம் பன்னிரண்டரைக்கு, ஒருவர் டப்பா சூடாகும்வரை மற்றவர் வரிசையில் நிற்க வேண்டும். நீ மனிதவளப் பிரிவு, நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். டெஸ்டிங் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டாய். ஒரு புரோகிராமில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பேன் என்றேன். உள்ளே உன் மீன்குழம்பு சுற்றிக்கொண்டிருந்தது, வாசனை யாருக்காவது பிடிக்காமல் போய் புகார் வருமோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப பயப்படறதுக்குத்தான் உனக்குச் சம்பளமே குடுக்கறாங்கன்னு சொல்லு" என்றாய். முதல் பேச்சிலேயே என்னை எடைபோட்டுவிட்டாய்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் மலைப்பாதையில் நடக்கப் போனோம். முன்னால் நீ, பத்தடி பின்னால் நான். பாம்பு, உண்ணி, மலைச்சிங்கம், சுளுக்கு, போன் சிக்னல் இல்லாமல் போவது என்று என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. நோன்பு மாதத்தில்கூட நீ நடையை விடவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நீ மேடேறுவாய். மயக்கம் போட்டுவிட்டால் தெளிப்பதற்கு என்று இரண்டு பாட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நான் மூச்சு வாங்குவேன். "நோன்பு எனக்கா உனக்காடி? உன்னைப் பாத்தாத்தான் மயக்கம் வர்ற மாதிரி இருக்கு" என்பாய். மயக்கம் ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு பாட்டிலையும் நானே குடித்துவிட்டு வருவேன்.

நாம் கடற்கரைப் பக்கம் போன அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை ஞாபகமிருக்கிறதா? செங்குத்தான கரை, கீழே அலை, மேலே இடுப்பளவு உயரத்துக்குப் புதர் புதராகச் செடிகள். மஞ்சள் பூ. அவரைப் பூவின் அதே முகம். கீழ்க்கிளைகளில் பூ முடிந்து, மேலெல்லாம் பூனைமயிர் வைத்த காய்கள் கொத்துக்கொத்தாய். நீ கம்பத்துக்காரி, வரப்போரம் துவரை பார்த்து வளர்ந்தவள். "ஏய், துவரைடி!" என்று கத்தினாய். பாதையில் போன வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ ஒரு காயைக் கீறி, ஒரு விதையை வாயில் போட்டுக் கடித்துவிட்டாய்.

உன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அல்லாவே, என்னா கசப்புடி!" என்று துப்பினாய். நான் உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பார்க்கிங்கில் நின்ற ரேஞ்சரிடம் போனேன். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துப்பிவிட்டாய் அல்லவா, பயமில்லை என்றார். அந்தச் செடிக்கு லூப்பின் என்று பெயர், காயிலும் விதையிலும் விஷம் உண்டு, தின்னக்கூடாது, இங்கே எதையும் பறிக்கவும் கூடாது என்றார். வீடு வரும்வரை நான் உன் கண்ணைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரீவேயில் அப்படிப் பார்த்தபடி ஓட்டியதுதான் அன்றைக்கு நமக்கிருந்த பெரிய ஆபத்து என்று பிறகு சொல்லிக்காட்டினாய்.

உனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு செடி உன்னை ஏமாற்றிவிட்டதாம். ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு புத்தகமும் வாங்கினாய். அடுத்த வசந்தத்தில் மலைப்பாதையில் ஒரு லூப்பினையும் விடவில்லை. ஊதா, நீலம், வெளுத்த மஞ்சள், வெள்ளி நிற இலை வைத்தது, விரல் உயரத்துக்கு மேல் வளராதது. ஒவ்வொன்றின் முன்னாலும் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவாய். போனில் படம் எடுத்துப் பெயர் கேட்கலாமே என்றால், "அதுவும் என்னை மாதிரிதான், பாத்த உடனே கத்தும்" என்பாய். பூவைப் பிரித்துக் காட்டுவாய். மேலே விரிந்த ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு இதழ், அவற்றுக்குள்ளே படகு மாதிரி மடிந்த ஒன்று. அந்தப் படகின் விளிம்பில் மயிர் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் பூதக்கண்ணாடி. ஊதாப் பூவில் மேலிதழின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். வண்டு வந்து போய் நாளானால் அந்தப் பொட்டு சிவந்துவிடும். "இனி வராதேன்னு போர்டு மாட்டிட்டா பாரு" என்பாய்.

ஆனால் நீ கடைசியில் வந்து நிற்பது இலையில்தான். கடற்கரையில் அந்த மஞ்சள் லூப்பின் பக்கத்திலேயே இன்னொரு மஞ்சள் பூப் புதர் உண்டு. அதற்கும் அவரைப் பூ, அதற்கும் மயிர் வைத்த காய். அதன் காயிலும் விஷம், ஆனால் அது வேறு விஷம். அதற்கு மூன்று மூன்றாய்ச் சிற்றிலை, நம் துவரைக்கு இருப்பது போலவே. லூப்பினுக்கு ஒரே இடத்திலிருந்து சுற்றிலும் ஏழு, எட்டு, ஒன்பது. "பூவைப் பாத்து முடிவு பண்ணாதே. இலையை எண்ணு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். எனக்குச் சலித்துப்போகும். அது என்றைக்காவது உதவும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

அதற்கடுத்த வசந்தத்தில் நீ நடக்க வரவில்லை. முழங்கால் வலி என்றாய். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வருடம் மே மாதம் என் மாமனார் வந்தார். நீ அவரைப் பார்த்ததில்லை. சாத்தூர்ப் பக்கம், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார். அத்தை இறந்தபிறகு முதல் பயணம். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் நாற்பது நிமிடத்தில் நான் அவருக்குச் சட்டதிட்டம் சொல்லி முடித்துவிட்டேன். யார் பெல் அடித்தாலும் கதவைத் திறக்கக்கூடாது. அடுத்த வீட்டு எலுமிச்சை நம் பக்கம் விழுந்தாலும் எடுக்கக்கூடாது. அடுத்தவர் பிள்ளையைக் கொஞ்சக்கூடாது. பறவைக்குச் சோறு வைக்கக்கூடாது. எதையும் பறிக்கக்கூடாது, ஃபைன் போடுவார்கள், விசாவில் ஏதாவது எழுதிவிட்டால் அடுத்த முறை வர முடியாது. எல்லாவற்றுக்கும் "சரி தாயி" என்றார். கண்ணாடியில் பார்த்தபோது பின்சீட்டில் பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். நீயும் நானும் போன அதே கரைதான். நிவியின் கையை மாமாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு நான் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்ததால், பின்னால் இரண்டு பேரும் எங்கே நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே என் கணவர் ஒரு வார மீட்டிங்குக்காக டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்குப் பறந்துவிட்டார். திங்கட்கிழமை நான் ஆபீஸ் போனேன். பள்ளி விடுமுறை, ஐந்து வயது நிவியை மாமாதான் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. உப்புப் போட்டுப் பயறு அவித்த வாசனை, அதற்கு அடியில் ஏதோ பச்சைக் கசப்பு. வீட்டில் பச்சைப் பயறு எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். மாமா சோபாவில் இருந்தார். சமையலறையில் வடிதட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது, நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குப்பைத்தொட்டியைத் திறந்தேன். மேலே ஒரு பேப்பரை விரித்து மூடியிருந்தது. பேப்பருக்குக் கீழே அவித்த காய்த் தோல்கள். கருத்துப்போய், மயிர் மயிராக. அந்த நிமிடமே எனக்குக் கடற்கரையும் உன் முகமும்தான் ஞாபகம் வந்தது. நீ பண்ணிய அதே தப்பு.

"நிவி! தாத்தா சாப்பிட என்ன குடுத்தாங்க?"

"தாத்தா மேட் பீன்ஸ். தே வேர் சோ யக்கி."

"முழுங்கினியா?"

"நோ. ஐ பிட் ஒன் அண்ட் ஐ ஸ்பிட் இட் அவுட்."

"ஒண்ணா? ரெண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒன்லி ஒன், அம்மா. வொய் ஆர் யு ஷவுட்டிங்?"

நான் மாமா பக்கம் திரும்பினேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து அங்கன பாத்தேன் தாயி. நம்மூர்த் தொவரைதான். பூவும் மஞ்சப் பூ. புள்ளைக்கு அவிச்சுக் குடுக்கலாம்னு நாலு காய் சேப்புல போட்டுட்டு வந்தேன். ரெண்டு தண்ணி வடிச்சுத்தான் அவிச்சேன்."

நாலு காய் இல்லை, ஜாக்கெட்டின் இரண்டு பைகளும் நிறைய. அதைப் பிறகுதான் சொன்னார்.

விஷம் சாப்பிட்டால் கூப்பிடும் எண்ணை நிவி பிறந்த வாரமே ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தவள் நான். நீ அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். போனை எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். என்ன செடி? மஞ்சள் லூப்பின் என்று நினைக்கிறேன் என்றேன். நினைக்கிறீர்களா, தெரியுமா? அங்கே இன்னொரு மஞ்சள் பூச்செடியும் இருக்கிறது, காய் மட்டும்தான் கிடைத்திருக்கிறது, அதுவும் அவித்த தோல் என்றேன். ஒரு கையில் போனும் மறு கையில் குப்பைத்தொட்டியும் வைத்துக்கொண்டு, அந்தத் தோலைப் படம் பிடித்து ஆப்பில் போட்டுப் பார்த்தேன். பீன்ஸ் என்றது. இலை ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஐ ஹாவ் எ லீஃப்" என்றாள் நிவி.

டைனோசர் புத்தகத்தை எடுத்து வந்தாள். தாத்தா காய் பறித்தபோது இவள் ஒரு இலையும் ஒரு பூங்கொத்தும் பறித்து வந்து உள்ளே வைத்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களாம். நான் இலையை எண்ணினேன். ஏழு வந்தது. திரும்ப எண்ணினேன், எட்டு. மூன்றாம் முறை எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துவிட்டது. நிவி என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"நைன், அம்மா."

பூ நசுங்கியிருந்தாலும் அந்தப் படகு இதழ் தெரிந்தது. ஒரே புள்ளியிலிருந்து ஒன்பது சிற்றிலை, மூன்று அல்ல, நிச்சயம் லூப்பின் என்று போனில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உன் குரல் மாதிரி இருந்தது. அந்தப் பெண் நிவிக்கு வாயைக் கழுவித் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், கடித்துத் துப்பியதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றாள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்றும் சொன்னாள். வாய் உலர்வது, பார்வை மங்குவது, கண்மணி விரிவது, நெஞ்சு படபடப்பது, தள்ளாடுவது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு, வேறு யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்டாள்.

"மாமா, நீங்க சாப்பிட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "நான் வாயிலயே வைக்கல தாயி."

நோ என்று சொல்லி போனை வைத்தேன். அதற்கப்புறம் நான் பேசியதை உன்னிடம்தான் சொல்ல முடியும். இது உங்க ஊர் இல்ல மாமா, யாரைக் கேட்டுப் பறிச்சீங்க என்று ஆரம்பித்தேன். புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, அவருக்கு நான் என்ன பதில் சொல்றது, ஜெயில்ல போடுவாங்க தெரியுமா என்றேன். ஜெயில் எல்லாம் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நடுநடுவே நிவியை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்க் கண்ணைப் பார்த்தேன். அரைமணி நேரம் கத்தியிருப்பேன். எழுபத்திரண்டு வயது மனிதர், என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆறரை மணி இருக்கும். நிவி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. மாமா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். கொஞ்சநேரத்தில் மறுபடி கேட்டார். கோபத்தில் சொம்போடு கொண்டுபோய் வைத்தேன். ஊரிலிருந்து வரும்போது எடுத்து வந்த ஆன்மிக மாத இதழைப் புரட்டிக்கொண்டிருந்தவர், அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார், பிறகு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"லைட்டைப் போடு தாயி. எழுத்து கலங்குது."

ஜூன் மாதம், மேற்கு ஜன்னல். வெயில் அவர் மடியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

நான் எழுதி வைத்த காகிதத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கிட்டே போனேன். அவ்வளவு வெயிலிலும் அவர் கண்மணிகள் பெரிதாக, கறுப்பாக இருந்தன. தொண்டைவரைக்கும் கத்தல் வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அவர் சோபாவில் பின்னுக்கு நகர்ந்தார். அந்த நகர்வைப் பார்த்தேன். அடிக்கப் போகிறார்கள் என்று பிள்ளைகள் ஒதுங்குவார்களே, அப்படி. வந்த சத்தத்தை எப்படி விழுங்கினேனோ தெரியாது. அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, நான் சத்தம் போட மாட்டேன். எத்தனை சாப்பிட்டீங்க?"

நான் காத்திருந்தேன். அந்த அரை நிமிடம் என் வாழ்க்கையிலேயே நீளமானது.

"புள்ள துப்புனதும் ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாத்தேன். கசந்துச்சு. நீ வர்ற நேரமாயிருச்சு. கொட்டுனா குப்பையில பாத்துருவ. பறிக்காதன்னு அம்புட்டுச் சொல்லியிருந்த. அதான் பயறு பூராத்தையும் நானே தின்னுட்டேன். தோலை மட்டும் அடியில போட்டேன்."

"எம்புட்டு இருக்கும் மாமா?" அவர் பேச்சே எனக்கும் வந்துவிட்டது.

"ஒரு கிண்ணம். நெறையா." பிறகு மெதுவாகக் கேட்டார். "வையப் போறியா தாயி?"

மறுபடி போன் செய்தேன். இந்த முறை எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னாள், ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டாள். பத்து நிமிடத் தூரம், அவர் நினைவோடு பேசிக்கொண்டிருக்கிறார், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். இலையையும் பூவையும் ஒரு ஜிப் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். மாமாவின் கையைப் பிடித்து நடத்தினேன், கால் பின்னியது. காரில் நிவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, டோண்ட் ஸ்லீப், ஓகே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவருக்கு ஆங்கிலம் புரியாது. "சரி தாயி, சரி தாயி" என்று நாக்குக் குழறச் சொன்னார்.

மருத்துவமனையில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். இதயம் வேகமாக ஓடுகிறது என்றார்கள். டாக்டரம்மா இளம்பெண். என்ன செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. என்ன செடி என்பது உன்னால். எவ்வளவு என்பது அந்த அரை நிமிடத்தால். இந்த விவரம் தெரியாமல் வந்திருந்தால், வயதானவர், பேச்சுக் குழறல் என்று மூளையையும் இதயத்தையும் தேடிக்கொண்டிருப்போம் என்றாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவருக்குப் பார்வை தெளிந்தது. எதிர்ச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் படித்துக் காட்டினார், கண்டக்டர் ஸ்டேஜ் சொல்வது மாதிரி சத்தமாக. வீட்டுக்கு வந்ததும் கவரில் இருந்த இலையை நிவி மறுபடி டைனோசர் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போது உன் முழங்கால் வலிக்கு வருகிறேன்.

ஐந்து மாதம் நீ என்னிடம் முழங்கால் என்றே சொன்னாய். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன், பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். உன் பிரிவில் எட்டுப் பேருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. உன் கணவர் வாய்தவறி கீமோ என்று சொன்ன அன்றைக்கு நான் உன் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். படுத்திருந்தவள் முன்னால் நின்று, என்கிட்ட ஏன் சொல்லல என்று அழுதுகொண்டு கத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். கத்தி முடித்ததும் சொன்னாய்: "உன்கிட்ட சொன்னா உன்னை நான் சமாதானப்படுத்தணும்டி. எனக்கு அப்பத் தெம்பு இல்ல."

அதற்காக உன்மேல் மூன்று வருடம் கோபமாக இருந்தேன். இறந்தவர்மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் இருந்தேன். உனக்காக இரண்டு பாட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தவளைவிட அந்த எட்டுப் பேர் உனக்கு என்ன நெருக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாமா சோபாவில் பின்னுக்கு நகர்ந்த அந்த நொடியில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. ஒரு கிண்ணம் விஷத்தைத் தின்றது அவருக்கு என்னிடம் உண்மை சொல்வதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. என் பயம் பாசம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், உன்னிடம் பொய் வேண்டாம். ஆனால் இப்போது அதில் பாதி என்மேல்.

பயம் விட்டுவிட்டதா என்று கேட்பாய். எங்கே விடும். நேற்றுகூட அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிங்கிலிருந்து திரும்பி வந்தேன்.

போன சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நிவியும் அவள் அப்பாவும் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார். ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்றார், ஆனால் போகவில்லை. தோசை ஒரு பக்கம் வெந்து திரும்பியது, அவர் அங்கேயே நின்றார்.

"தாயி, ஒண்ணு சொல்லணும். எம்மகன்கிட்ட இன்னும் சொல்லல."

என்ன, எப்போதிலிருந்து, டாக்டரிடம் காட்டினீர்களா, ஏன் சொல்லவில்லை என்று பத்துக் கேள்வி ஒன்றாக வாய்வரை வந்தன. அடுப்பை அணைத்தேன். ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன், இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன்.

"ஒரு வருசமா மாடி ஏறுனா இங்கன புடிக்குது" என்று நெஞ்சில் கை வைத்தார். "கொஞ்சம் நின்னா சரியாயிரும். ஆஸ்பத்திரியில ஒட்டுன வயருல அது தெரிஞ்சிருமோன்னு அன்னைக்கே பயந்தேன்." நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். எப்போது கத்துவேன் என்று பார்க்கும் அந்தப் பார்வை. "நீ பயப்படலையே?"

"பயமாத்தான் இருக்கு மாமா. இருந்துட்டுப் போகட்டும், நீங்க சொல்லுங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமை இதய டாக்டரைப் பார்க்கப் போகிறோம், என்ன சொல்வார்களோ தெரியவில்லை. உன் கட்டில் பக்கத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது மாமாவிடம் சொன்ன அந்த ஒரு வரிதான்.